அத்தான் தோற்கப் போன மாலை

அக்காளை அவள் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விடுவதற்காகத்தான் நான் சிங்கப்பூருக்குப் போனேன். தலைப்பிரசவத்துக்கு நாகப்பட்டினம் வந்திருந்தாள். குழந்தைக்குக் கழுத்து நின்றதும் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அப்பாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்று என்னை அனுப்பினார்கள். எனக்கும் ஒத்துக்கொள்ளாது என்பது கப்பல் கிளம்பிய பிறகுதான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் நான் டிராயிங் மாஸ்டர். வாத்தியார் வரவில்லையே என்று யாரும் கவலைப்படாத பாடம் அது ஒன்றுதான் என்பதால் லீவு சுலபமாகக் கிடைத்தது.

கப்பலை விட்டு இறங்கினால் சிங்கப்பூர் என்று நினைத்திருந்தேன். இறங்கியது ஒரு தீவில். மலிவு டிக்கெட்டில் டெக்கில் வந்தவர்களை நேரே ஊருக்குள் விடமாட்டார்களாம். அம்மை, காலரா எதுவும் கூடவே வந்து இறங்கவில்லை என்று உறுதியாகும்வரை அங்கே வைத்திருப்பார்களாம். மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டினார்கள். தகரக் கூரைக்குக் கீழே சோறும் பருப்பும் கருவாடும் போட்டார்கள். சாயங்காலமானால் கரையில் போய் உட்கார்ந்துகொள்வேன். எதிரே நகரத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்பட்டு தண்ணீரில் நீளமாகக் கரையும். அக்காள் குழந்தையைத் தூக்கிப் பிடித்து, "அதோ பாரு, அப்பா ஊரு" என்பாள். குழந்தை என் மூக்கைப் பார்க்கும். அந்த ஊர் உண்மையில் இருக்கிறதா, விளக்குகளை மட்டும் யாரோ தண்ணீரில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

இருந்தது. படகுத் துறையில் சுந்தரம் அத்தான் நின்றார். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் டென்னிஸ் மட்டை. ஆட்டத்திலிருந்து நேரே வந்திருக்கிறார். பெற்ற பிள்ளையை முதல்முதலாகப் பார்க்கிற மனிதர் மட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்து, கடைசியில் என்னிடம் நீட்டினார். பிள்ளையை வாங்கிக்கொண்டவர் அதன் கையை விரித்துப் பார்த்துவிட்டு, "நல்ல பிடி" என்றார்.

அத்தானுக்கு ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி வேலை, நம் ஊரில் குமாஸ்தா என்போமே அது. வீடு சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில், மசாலா அரைக்கிற கடைக்கு மாடியில். மரப்படி ஏறும்போது மிளகாய் நெடியில் ஒரு தும்மல், மல்லி வாசனையில் ஒரு பெருமூச்சு. பின்பக்க ஜன்னலைத் திறந்தால் எருமைத் தொழுவங்கள். வைக்கோலும் சாணமும் சாம்பிராணியும் சீனன் வறுக்கிற பூண்டும் ஒன்றாகக் கலந்து மேலே வரும். முதல் வாரம் முழுவதும் எனக்குத் தரை ஆடிக்கொண்டே இருந்தது. கப்பல் இன்னும் கால்களில் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் தோசை தின்றேன்.

அலமாரியில் ஐந்து வெள்ளிக் கோப்பைகள். தமிழ்க் கிராணிகளின் டென்னிஸ் கிளப்பில் அத்தான் வருஷம் தவறாமல் வென்றவை. அக்காள் வந்து சேர்ந்த மறுநாளே ஒன்றில் ஊக்குகளையும் ஒன்றில் வசம்பையும் போட்டு வைத்துவிட்டாள். அத்தான் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை என்னைக் கிளப்புக்கு அழைத்துப் போனார். புல்தரை, சுண்ணாம்புக் கோடு, நாலு பெஞ்சு. எதிரே ஆடியவர் பெயர் கனகசபை. யாழ்ப்பாணத்துக்காரர், சர்வே ஆபீசில் பெரிய கிளார்க், அத்தானுக்கு உயிர் நண்பர். வருஷம்தோறும் இறுதி ஆட்டத்தில் அத்தானிடம் தோற்பவரும் அவர்தான். எனக்கு டென்னிஸ் தெரியாது. தெரியாதவனுக்கே தெரிந்தது, அத்தான் விழித்துக்கொண்டே தூங்குகிறார் என்று. பந்து போகவேண்டிய இடத்துக்குப் போனது. கனகசபை அது போன பிறகு போனார். பாதி ஆட்டத்தில் பெஞ்சிலிருந்தவர்கள் எழுந்து சாத்தே சாப்பிடப் போய்விட்டார்கள். நானும் போயிருப்பேன். குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சியும் கடலைக் குழம்பும் அந்த மூலையிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டன.

அந்த வாரம்தான் ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினார்கள். காசுக்கு ஆடுகிற டென்னிஸ் வீரர் ஒருவர், ஐரோப்பியர், உலகத்திலேயே தோற்கடிக்க முடியாதவர் என்று பெயர் எடுத்தவர், வேடிக்கைப் பூங்காவில் இரண்டு மாலை ஆடப்போகிறார். முதல் மாலை உள்ளூர்க்காரர் ஒருவர் எதிர்த்து ஆடலாம். யார் என்று நோட்டீசில் இல்லை. சிராங்கூன் ரோட்டில் யாருக்கும் சந்தேகமும் இல்லை.

அஞ்சடியில், அதாவது கடைகளுக்கு முன்னால் கூரை போட்டிருக்கிற நடைபாதையில், வீராசாமி என்பவர் காப்பிக்கடை வைத்திருந்தார். டின்னில் காப்பியை ஊற்றி நூலால் கட்டிக் கொடுப்பார். பேச்சின் நுனியில் ஒரு "லா" சேர்ப்பார், அது அந்த ஊர்ப் பழக்கம். நம் ஊரில் காப்பிக்கு டபரா. அங்கே தகர டப்பா. ருசியில் குறையில்லை, உதட்டில்தான் குறை. அந்தக் கடையில்தான் வழக்கு நடந்தது.

"பெரிய ஆளு கீழ விழுந்தாத்தான் சார் கூட்டம் சேரும்" என்றார் வீராசாமி. "நம்ம சுந்தரம் சார் ஆட்டத்த யாரு பாக்கப் போறா? ஜெயிச்சிருவாருன்னு முன்னாடியே தெரியும் லா. தெரிஞ்சத எதுக்கு வெயில்ல நின்னு பாக்கணும்?"

எதிர்ப் பெஞ்சில் தையற்காரர் ஒருவர் ஊசியைக் காதில் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "தெனம் விழுந்தா அப்பறம் அவன் எப்படிய்யா பெரிய ஆளு? நாலு பேரு மாத்தி மாத்தி ஜெயிச்சா எந்தப் பேர ஞாபகம் வச்சிக்கிறது? எனக்குக் கஸ்டமர் பேரே நிக்க மாட்டேங்குது."

"அதுக்காக ஒருத்தனே ஜெயிக்கணுமா?"

"அடிக்கடி விழ வேணாங்கிறேன். எப்பவாச்சும் ஒரு தடவ. அதையும் நான் பாக்கணும்."

அத்தான் காப்பியைக் குடித்தபடி இந்தப் பக்கமே திரும்பவில்லை. அவரைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்ற எண்ணமே அவருக்கு இல்லாததுபோல் இருந்தது.

சிக்கல் ஒன்று இருந்தது. கனகசபைதான் மாடிக்கு வந்து அதைச் சொன்னார். காசுக்கு ஆடுகிறவரோடு ஒரு தடவை ஆடினாலும் போதும், ஆடியவருக்குக் கிளப்பில் இடம் கிடையாது. பிறகு எந்தப் போட்டியிலும் அவர் மட்டையைத் தொட முடியாது. அந்தக் காலத்தில் அது எல்லா ஊர்க் கிளப்புகளிலும் இருந்த சட்டம். ஆட்டக்காரர் சாதியில் அப்படியொரு விலக்கு.

"சுந்தரம், நீர் உந்த ஆட்டம் ஆடக்கூடாது" என்றார் கனகசபை. "உம்மைத் தள்ளி வைச்சுப்போட்டு எனக்குக் கோப்பையைத் தருவினம். அதை வைச்சு நான் என்ன செய்யிறது? சுந்தரம் இல்லாதபடியால் கோப்பையை வெண்டவன் எண்டு சனம் சொல்லும். உம்மிட்டத் தோத்தாலும் பரவாயில்லை, எனக்கு அந்தப் பேர் வேண்டாம்."

அத்தான் சிரித்தார்.

மறுநாள் வீரரின் மானேஜர் வந்தார். வெயிலில் வெந்து சிவந்த மெலிந்த மனிதர். மிளகாய் நெடியில் விடாமல் தும்மிக்கொண்டே படியேறினார். அக்காள் கொடுத்த காப்பியை நன்றியோடு குடித்துவிட்டு இங்கிலீஷில் விஷயத்துக்கு வந்தார்.

"முதல் செட் அவருக்கு. இரண்டாவது செட் உங்களுக்கு. மூன்றாவது, கடைசிவரை இழுத்து, அவருக்கு. எல்லா ஊரிலும் அப்படித்தான். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், அவர் பார்த்துக்கொள்வார். இரண்டாவது செட்டில் உங்கள் ஜனங்கள் நாற்காலிமேல் ஏறி நிற்பார்கள். மறுநாள் ஊரே வரும்."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "உண்மையாகவே தோற்றுப்போனால்?" என்று கேட்டேன்.

"ஓர் ஊரில் தோற்றார். வயிறு சரியில்லாத நாள். அன்றைக்கு எழுந்த கைதட்டலை நான் வேறு எங்கும் கேட்டதில்லை. அடுத்த ஊர்களில் நாற்காலிகள் காலி." கோப்பையை வைத்தார். "வாரத்துக்கு ஒரு செட் தோற்காவிட்டால் டிக்கெட் விற்காது. வாரத்துக்கு ஓர் ஆட்டம் தோற்றால் பெயர் விற்காது. இது எங்கள் தொழில், தம்பி. அதிர்ச்சியை நாங்கள் உப்பு மாதிரிப் போடுகிறோம்."

அவர் தும்மிக்கொண்டே இறங்கிப் போன பிறகு அத்தான் ஜன்னலுக்குப் போனார். கீழே எருமைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். "நான் ஜெயிக்கணும்னு கேக்கலையே" என்று எருமைகளிடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வாடகை மோட்டாரில் பாசிர் ரிஸ் கடற்கரைக்குப் போனோம். தென்னந்தோப்பும் ரப்பர் காடும் மாறி மாறி வந்தன. வழியில் மோட்டார் இரண்டு முறை சூடேறி நின்றது. டிரைவர், மலாய்க்காரர், ஒவ்வொரு தடவையும் இறங்கி ஒரு சிகரெட் பிடித்தார். சிகரெட் தீர்ந்ததும் வண்டியும் கிளம்பியது. எதனால் என்று நான் கேட்கவில்லை. கடற்கரையில் ஆள் இல்லை. மீன் பிடிக்க நட்ட கழிகள் தண்ணீருக்குள் வரிசையாகப் போய் வெயில் புகையில் மறைந்தன. வாழையிலையில் கட்டிய தேங்காய்ச் சோற்றை, நெத்திலிப் பொரியலோடு, நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அக்காளும் குழந்தையும் தூங்கிவிட்டார்கள். நாகப்பட்டினத்துக் கடல் எப்போதும் எதையாவது சொல்லிக் கத்திக்கொண்டிருக்கும். இந்தக் கடலுக்குப் பேச்சே இல்லை. அத்தான் அதில் மல்லாந்து மிதந்தார். நான் இடுப்பளவு தண்ணீரில், கப்பல் ஞாபகம் வராதபடி, கரையைப் பார்த்து நின்றேன்.

"மாப்ளே" என்றார் வானத்தைப் பார்த்து. "நான் நல்லா ஆடுறேனா, இல்ல இவங்க மோசமா ஆடுறாங்களா? எனக்குத் தெரியல. அஞ்சு வருஷமா தெரியல."

"அஞ்சு கோப்பை இருக்கே, அத்தான்."

"அது இவங்க குடுத்தது. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, ஒருத்தன் என்னைச் சரியா அடிச்சா நான் எங்க நிக்கிறேன்னு தெரிஞ்சிரும். அதுக்கு ஒரு ஆளு கப்பலேறி வந்திருக்கான். அவனும் விட்டுக் குடுக்கிறேங்கிறான்."

காதுகள் தண்ணீருக்குள் இருந்ததால் அவர் சற்று உரக்கவே பேசினார். அந்த வெறுங்கடலில் அது யாருக்கோ விடுக்கிற வேண்டுகோள்போலக் கேட்டது. எனக்கு அவர்மேல் அப்போதுதான் பிரியம் வந்தது. அதுவரை அவர் எனக்கு ஒரு வெள்ளைக் கால்சட்டை மட்டும்தான்.

அக்காளிடம் அன்று சாயங்காலம் விஷயத்தைச் சொன்னார். அவள் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "தோக்குறதுக்காகவா கிளப்ப விட்டுட்டுப் போறீங்க? தோக்கணும்னா வீட்டுலயே ஆள் இருக்கே." பிறகு குழந்தையைக் குப்புறப் போட்டாள். "அதுக்கப்புறம் சனிக்கிழமை என்ன செய்வீங்க?"

ஆனாலும் அத்தான் மானேஜருக்குச் சம்மதம் சொல்லி ஆள் அனுப்பிவிட்டார்.

ஆட்டத்தன்று மதியம் மழை பெய்து ஓய்ந்தது. நானும் அத்தானும் டிராலி பஸ்ஸில் ஏறினோம். மேலே போகிற மின்சாரக் கம்பியைத் தொட்டுக்கொண்டு ஓடுகிற பஸ் அது. ரோச்சோர் கால்வாய் தாண்டியதும் வளைவில் பஸ்ஸின் கூரைமேலிருந்த கொம்பு கம்பியை விட்டு நழுவியது. பஸ் நடுரோட்டில் செத்தது. கண்டக்டர் மூங்கில் கழியோடு இறங்கி வானத்தில் தூண்டில் போடுவதுபோலக் கம்பியைத் தேடினார். கம்பி கிடைப்பதாக இல்லை. பொறுத்துப் பார்த்து ஒரு ரிக்‌ஷாவில் இருவரும் ஏறினோம். நம் ஊர் ஜட்கா வண்டியில் குதிரையைத் திட்டலாம். இதில் முன்னால் ஓடுகிறவன் மனிதன் என்பதால் வாயை மூடிக்கொண்டு பாவத்தைச் சுமக்க வேண்டும். எதிரே வந்த லாரி ஒன்று அத்தானின் வெள்ளைக் கால்சட்டைமேல் செம்மண் சேற்றை வாரி இறைத்தது. அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை.

பூங்காவில் சீன நாடகக் கொட்டகைக்கும் குடைராட்டினத்துக்கும் நடுவே தரை போட்டு வலை கட்டியிருந்தார்கள். சாயங்கால வெளிச்சம் தங்கப் பொடிபோல நின்றது. சிராங்கூன் ரோடு முழுக்க அங்கே இருந்தது. வீராசாமி கடையை மூடிவிட்டு வந்திருந்தார், தையற்காரர் ஊசியோடு வந்திருந்தார். கனகசபை வெளியே வேலியோரம் நின்றார், உள்ளே வந்தால் தானும் விலக்குக்கு ஆளாக நேருமோ என்ற பயத்தில். எனக்கு வலைக்கு நேர்ப் பக்கவாட்டில், கோட்டை ஒட்டிய பெஞ்சில் இடம் கிடைத்தது.

வீரர் உயரமாக, சோம்பேறித்தனமாக இருந்தார். முதல் செட்டைக் கொட்டாவி விடாத குறையாக எடுத்துக்கொண்டார். இரண்டாவது செட் தொடங்கியதும் அவர் பந்துகள் வெளியே விழ ஆரம்பித்தன. ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை. கூட்டம் எழுந்தது. "சுந்தரம் சார்! சுந்தரம் சார்!" வீராசாமி நாற்காலிமேல் ஏறிவிட்டார், மானேஜர் சொன்னபடியே.

பிறகு அத்தானின் பந்துகளும் வெளியே விழ ஆரம்பித்தன.

அவர் வெளியே அடித்தால் இவர் வலையில் அடித்தார். அவர் வலையில் அடித்தால் இவர் குடைராட்டினத்தை நோக்கி அடித்தார். இரண்டு பேர் ஓட்டலில் ஒரு பில்லுக்காக மல்லுக்கட்டுவதுபோல, ஒரு செட்டை நீ எடுத்துக்கொள், நீ எடுத்துக்கொள் என்று தள்ளிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது.

வீரர் வலையருகே வந்தார். பேசியது என் காதில் விழுந்தது.

"என்ன செய்கிறாய்? எடுத்துக்கொள்."

"வேண்டாம். நீங்கள் ஆடுங்கள்."

"ஆடினால் உன் ஜனங்கள் முன்னால் அவமானப்படுவாய்."

"அதற்குத்தான் வந்திருக்கிறேன்" என்றார் அத்தான்.

வீரர் அவர் கால்சட்டையிலிருந்த சேற்றைப் பார்த்தார். குனிந்து தம்முடைய பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். நிமிர்ந்தபோது வேறு மனிதர்.

அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க எனக்குத் தெரியாது. படம் போடச் சொன்னால் ஒருவேளை போடுவேன். பந்தின் சத்தமே மாறிவிட்டது. அத்தான் ஓடினார், எட்டினார், விழுந்தார், மறுபடியும் ஓடினார். எங்கே போனாலும் பந்து அவருக்கு முன்னாலேயே போய்விட்டிருந்தது. கனகசபையை அத்தான் என்ன செய்வாரோ அதை வீரர் அத்தானுக்குச் செய்தார். அத்தானின் முகத்தைப் பார்த்தேன். அதில் தூக்கம் இல்லை. வெளிச்சம் மங்க மங்க, அந்த இரண்டு வெள்ளை உருவங்களும் காற்றில் வரைந்து அழிக்கிற கோடுகள்போல இருந்தன.

ஒரே ஒரு பாயிண்ட். வீரர் வலைக்கு ஏறி வந்தார். அத்தான் பந்தை வலையை உரசுகிறாற்போல, குறுக்கே, எங்கள் பெஞ்சுப் பக்கமாக மெல்ல நழுவவிட்டார். வீரர் பாய்ந்தார். மட்டைக்கு எட்டாமல் பந்து இரண்டாம் முறை தரையைத் தொட்டது. அவர் எங்கள் பெஞ்சின்மேல் வந்து விழுந்தார். எழுந்து திரும்பிப் போனார், அடுத்த பந்தை ஆடினார், சீக்கிரமே அந்த செட்டையும் ஆட்டத்தையும் முடித்தார்.

கைதட்டல் இல்லை. கூச்சல்தான். யாரோ டின்னை வீசினார்கள். மானேஜர் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். மறுநாள் மாலைக்கு டிக்கெட் வாங்க வந்தவர்கள் கலைந்து போய்க்கொண்டிருந்தார்கள். வீரர் அத்தானின் கையைப் பிடித்து வெகுநேரம் விடாமல் குலுக்கினார்.

மறுநாள் சிராங்கூன் ரோட்டில் யாரும் அத்தானின் முகத்தைப் பார்க்கவில்லை. வீராசாமி காப்பி டின்னை நூல் கட்டாமலே நீட்டினார். அந்த இரண்டாவது செட்டைக் கையில் கொடுத்தும் வாங்கவில்லையே, வெள்ளைக்காரனிடம் காசு வாங்கிவிட்டான் என்றுகூடச் சிலர் பேசினார்களாம். தையற்காரர் மட்டும் அவரைக் கூப்பிட்டு, கால்சட்டைச் சேற்றுக்கு எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னார். கிளப் கமிட்டி கூடி அத்தானின் பெயரை எடுத்தது.

அதற்கடுத்த சனிக்கிழமை அந்த வருஷத்துப் போட்டி தொடங்கியது. கிளப்பில் நிற்க இடமில்லை. யார் ஜெயிப்பார் என்று யாருக்குமே தெரியாது அல்லவா? சாத்தேக்காரர் வியாபாரமில்லாமல் தாமே வந்து பார்த்தார். கனகசபை முதல் சுற்றிலேயே, தபால் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த ஒல்லியான ஒருவரிடம் தோற்றுப்போனார். ஊரே கத்தியது. கனகசபை வியர்வையோடு நேரே வேலிக்கு வந்தார். வேலிக்கு வெளியே ரோட்டில், மற்ற வேடிக்கைக்காரர்களோடு, அத்தான் நின்றுகொண்டிருந்தார்.

"எனக்கு உம்மிட்டத் தோக்க மட்டும்தான் தெரியும் போல கிடக்கு" என்றார் கனகசபை. இருவரும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று சிரித்தார்கள். அப்புறம் கனகசபை கண்ணைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்றார்.

பெரியவன் விழுவது ஆட்டத்துக்கு நல்லதா என்று காப்பிக்கடையில் நடந்த வழக்குக்கு என்னிடம் இன்றும் தீர்ப்பு இல்லை. அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தைப் பார்த்தால் நல்லது என்றுதான் சொல்ல வேண்டும். வேலிக்கு வெளியே நின்ற மனிதரைப் பார்த்தால் வாய் வரவில்லை. விழ வைப்பதும் விழுவதும் வேறு வேறு என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

லீவு தீர்ந்தது. படகுத் துறைக்கு எல்லாரும் வந்தார்கள். அக்காள் ஊருக்குக் கொடுக்க மங்குஸ்தான் கூடை கட்டியிருந்தாள். அத்தான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அன்றைய ஆட்டத்தைப் பற்றி அதுவரை அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் படகில் கால் வைக்கும்போது சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"மாப்ளே, நீதான் பக்கத்துல உக்காந்திருந்தே. பொய் சொல்லாம சொல்லு. அந்தக் குறுக்குப் பந்துக்கு அவன் நெசமா ஓடினானா? இல்ல, போனாப் போவுதுன்னு விட்டானா?"

வேலைக்குப் போய், பிள்ளையைக் கொஞ்சி, சனிக்கிழமைகளில் ரோட்டில் நின்று, இத்தனை நாளும் இதைத்தான் கேட்காமல் வைத்திருந்திருக்கிறார்.

"நெசமா ஓடினாரு, அத்தான். என் மேலதான் வந்து விழுந்தாரு. முட்டி கிழிஞ்சு ரத்தம். என் வேட்டியெல்லாம் ஆச்சு. பந்து போனதப் பாத்துட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னாரு பாருங்க, நடிக்கிறவன் வாயில அது வராது."

"என்ன வார்த்தை?"

அக்காள் நின்றதால் அவர் காதில் சொன்னேன்.

அத்தான் சிரித்தார். துறையில் மூட்டை தூக்குகிறவர்கள் நின்று பார்க்கும்படி, தோளிலிருந்த குழந்தை பயந்து வீறிடும்படி, கண்ணில் நீர் முட்டச் சிரித்தார். படகு கிளம்பிவிட்டது. தண்ணீர் அகன்றுகொண்டே வந்தது.

"இன்னொரு தடவ சொல்லு!" என்று கரையிலிருந்து கத்தினார்.

நாகப்பட்டினத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு ஒழுக்கம் கற்பிக்கிற நான், படகில் எழுந்து நின்று, கைகளை வாயருகே குவித்து, சிங்கப்பூர்த் துறைமுகம் முழுவதும் கேட்கும்படி அந்த வார்த்தையைச் சொன்னேன்.